தகட்டு எழுத்து

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மியூசியம் வைக்கலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு அந்த மியூசியத்தைப் பற்றிப் பேசிய ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. மட்டாஞ்சேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் சரித்திரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மலையாளப் பிரிவுகளுக்கு நடுவே தமிழ்ப் பிரிவு ஒன்றும் அங்கே இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர்கள், மிளகும் சுக்கும் அடைத்துவைக்கும் கிட்டங்கிகளில் வேலைக்கு நின்றவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் சுக்கு வாசனை உள்ளே வரும். மூடினால் மிளகு நெடி எங்கிருந்தோ வந்து பிள்ளைகளைத் தும்மவைக்கும். அந்தத் தும்மலுக்கு நடுவே நான் டெல்லி சுல்தான்களை நடத்திக்கொண்டிருந்தேன். சுக்கு பொறுக்கும் பெண்களின் பிள்ளைகளுக்கு டெல்லியைப் பற்றி எல்லாம் தெரியும். தெருக்கோடியில் இருக்கும் கிட்டங்கியைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பள்ளியின் ஆண்டு விழாவைப் பெரிதாகக் கொண்டாடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்ச் சொன்னேன். இந்த ஊரில் என்ன தொழில் நடந்தது, அந்தத் தொழிலுக்கு நடுவில் பெண்பிள்ளைகள் எப்படிப் படிக்க வந்தார்கள், இரண்டையும் சேர்த்துக் காட்ட ஓர் அறை வேண்டும் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஆசிரியைகள் கூட்டத்தில், "எனக்கொரு யோசனை தோணியிருக்கு" என்று ஆரம்பித்தார்.

பழைய தேசப்படங்களை அடைத்துவைத்திருந்த அறையைக் காலிசெய்து வெள்ளையடித்தார்கள். போர்ட் கொச்சியில் ஒரு பேக்கரியை மூடியபோது அவர்களுடைய கண்ணாடிப் பெட்டி சல்லிசாக வந்தது. நல்ல தேக்குச் சட்டம், முன்பக்கம் வளைந்த கண்ணாடி, பூட்டும் சாவியும் உண்டு. எத்தனை முறை துடைத்தாலும் அதிலிருந்து கேக் வாசனை போகவில்லை. எறும்புகள் ரொம்ப நாள் நம்பிக்கையோடு வந்து போயின. அந்தப் பெட்டியை அறையின் நடுவில் போட்டார்கள். மற்ற சாமான்களுக்கெல்லாம் சுவரோரம் பெஞ்சுகள்தான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு விதி வைத்தார். "பள்ளிக்கூடத்தையும் கிட்டங்கியையும் ஒரே பொருள்ல காட்டணும். அப்படி ஒண்ணு யார் கொண்டுவர்றாங்களோ, அது நடுப் பெட்டிக்குப் போகும். பெட்டிச் சாவியும் ரூம் பொறுப்பும் அவங்களுக்கு."

அந்தச் சாவி எனக்கு வேண்டும் என்று இருந்தது. வேண்டும் என்றால், சாப்பிடும்போதும் துணி துவைக்கும்போதும் அதே நினைப்பு. யோசனை என்னுடையது, பாடம் என்னுடையது. வேறு யார் கைக்குப் போக முடியும் என்று தைரியமாகத்தான் இருந்தேன். அப்போது அவள் கையைத் தூக்கினாள்.

அவள் முந்தின வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த சயன்ஸ் டீச்சர். என்னைவிடச் சிறியவள். சுள்ளிக்கல்லிலிருந்து சைக்கிளில் வருவாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பெடல் மிதிக்கும்போது தெருவே திரும்பிப் பார்க்கும், அவள் யாரையும் பார்க்கமாட்டாள். வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம்தான். ஆனால் படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னால் நழுவிவிடுவாள். "நானும் சகாயிக்கலாமா?" என்று கேட்டாள். உதவி என்றுதான் கேட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நான் முறைப்படி இறங்கினேன். சனிக்கிழமைகளில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி எர்ணாகுளம் போய், பழைய சர்க்கார் காகிதங்கள் வைத்திருக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். அங்கே பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில்தான். நாடா கட்டிய கட்டுகளை அவிழ்த்தால் பொடியாகக் கொட்டும். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு படித்தேன். பல வாரம் கழித்து ஒரு காகிதம் கிடைத்தது. எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் பழைய ஆசிரியை ஒருத்தி மேலிடத்துக்கு எழுதியது. சுக்கு சீசனில் பெண்பிள்ளைகள் தாயாரோடு கிட்டங்கிக்குப் போய்விடுகிறார்கள், அதனால் பள்ளி நேரத்தை மதியத்துக்கு மேல் மாற்றலாமா என்று கேட்டிருந்தாள். எனக்குக் கை காலெல்லாம் சிலிர்த்தது. ஒரு வரி விடாமல் பென்சிலில் நகலெடுத்துக்கொண்டு வந்தேன். படகில் வரும்போது எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மீன்கூடைக்காரியிடம் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் படித்தார். "நல்லா இருக்கு, சுவத்துல மாட்டலாம்" என்றார். பிறகு, "ஆனா இது காகிதமாச்சே. பொருள் வேணுமே" என்றார். அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி. அவள் கேரியரில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதிலிருந்து மூட்டை தூக்குகிறவர்களின் இரும்புக் கொக்கி, மூட்டையைக் குத்திச் சரக்கு பார்க்கும் பித்தளைக் குத்தூசி, கை வைத்த இடம் தேய்ந்துபோன ஒரு மிளகுச் சல்லடை, எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் குத்தூசியைக் கையில் எடுத்துக்கொண்டு என் காகிதத்தை அதன் கீழே பேப்பர் வெயிட் போல ஆக்கிவிட்டார். இல்லை, குத்தூசிதான் பேப்பர் வெயிட். கோபத்தில் எனக்கு எது எதன் மேல் இருந்தது என்பதே மறந்துவிட்டது.

"எப்படி உனக்குக் கொடுத்தாங்க?" என்று அவளிடம் கேட்டேன்.

"சும்மா போயி கேட்டேன் டீச்சரே. சாயா தந்து உட்கார வச்சாங்க. பின்னே அவங்களே எடுத்துத் தந்தாங்க."

நான் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். எனக்கு அங்கே யாரும் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. நான் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தமிழிலும் மலையாளத்திலும் குறிப்பு அட்டை எழுத வேண்டும். மலையாளத்தில் அவள் எழுதிவிடுவாள். தமிழ்? "நீங்க எழுதிக் கொடுங்க, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமே" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் என் தலையில் கட்டினார். அவள் பிடித்துவந்த கொக்கிக்கும் சல்லடைக்கும் நான் முத்து முத்தாக எழுதினேன். சிவப்பு மசிப் பேனாவை எடுத்து அவளுடைய மலையாளத்தில் பிழை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா பக்கத்துக் கிட்டங்கியில் சுக்கு பொறுக்கி என்னைப் படிக்கவைத்தாள். நான் வேலைக்கு வந்த பிறகு அவளை வீட்டில் உட்காரவைத்தேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள். கடிதம் வந்தால் நான்தான் வாசிப்பேன். ரேஷன் கடையில் கட்டைவிரல் வைப்பாள். அவளிடம் போய் எதையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரித்திரம் எர்ணாகுளத்தில் நாடா கட்டி வைக்கப்பட்டிருக்கும்போது அம்மாவிடம் என்ன கேட்பது?

ஒரு சனிக்கிழமை வழக்கம்போலப் போய்த் திரும்பினேன். எங்கள் வீட்டு வாசலில் அந்த சைக்கிள் நின்றது.

உள்ளே பாய்மேல் அவளும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அவள் கிட்டங்கியிலிருந்து கொண்டுவந்த தகரத் தகடுகள் அடுக்கிக் கிடந்தன. சாயாத் தம்ளர்கள் காலியாக இருந்தன. அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு என்று யோசித்தேன், எனக்கு ஞாபகம் வரவில்லை. "மோளே, நீ இன்னொரு நாள் வா, பாக்கியச் சொல்லுதேன்" என்று அந்த சயன்ஸ் டீச்சரின் தோளைத் தட்டினாள். மோளே. மலையாளத்தில் மகளே என்று. என்னை அம்மா கூப்பிடுவது 'ஏட்டி' என்று. அதிலும் பாசம் உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு மோளேதான் காதில் குத்தியது.

சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகள் எழுதியிருந்தன. கொச்சின் என்றும் ஏடன் என்றும் இருந்தன. நன்றாகப் பார்த்தேன். ஓ மேலும் கீழும் மூடாமல் இரண்டு பாதியாக நின்றது. டீ-யின் வயிறு பிளந்திருந்தது. ஏ-யின் குறுக்குக் கோடு ஒரு பக்கம் ஒட்டவில்லை. இவள் என் வீட்டுக்கே வந்து, என் அம்மாவை உட்காரவைத்து, பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள், அதையும் ஒழுங்காக நடத்தத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

"ஓ-வை மூடக்கூடத் தெரியாதா உனக்கு?" என்று குனிந்து சாக்கட்டியை எடுத்தேன். ஓ-வை மூடினேன். டீ-யை மூடினேன். ஏ-யின் கோட்டை இழுத்து ஒட்டவைத்தேன். வகுப்பில் செய்வதுபோல எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடும் போட்டேன்.

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய் ஈரத்துணி கொண்டுவந்து தரையைத் துடைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்ப உள்ளே போய்விட்டாள்.

"டீச்சரே" என்றாள் அவள், மெதுவாக. "அது நான் எழுதினதில்லை. அம்மா எழுதினதாக்கும்."

வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. என் அம்மாவுக்கு எழுதத் தெரியும் என்பது என்னைவிட முன்னால் இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை அம்மா கொல்லைப்புறத்தில் மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா?"

"அவ கேட்டா, சொன்னேன். நீ கேட்டியாட்டி?"

"நான்தான் உன் மக. அவ யாரு?"

அம்மா மீனை அலசிச் சட்டியில் போட்டாள். "நீ எப்பவும் செவப்புப் பேனாவும் கையுமா நிக்க. வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையவே திருத்தி வச்ச ஆளு. நான் எழுதினா சும்மா விட்டுருவியா? நேத்தைக்கு விட்டியா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்பதுபோலச் சொன்னாள்.

மீதிக் கதை எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? திங்கட்கிழமை சயன்ஸ் டீச்சர் தகடுகளுக்கான குறிப்பைக் கொண்டுவந்து தமிழில் எழுதக் கொடுத்தாள். என் அம்மாவின் கதையை நான் மலையாளத்தில் படித்துத் தமிழில் எழுதினேன். இப்படி ஒரு நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது.

கப்பலுக்குப் போகும் மூட்டைகளின் மேல் கம்பெனி அடையாளத்தையும் போகிற ஊரையும் கறுப்பு மசியில் போடுவார்கள். எழுத்து வெட்டிய தகரத் தகட்டை மூட்டைமேல் வைத்து, ஒருவர் பிரஷ்ஷால் மசியைக் குத்துவார். தகடு அசைந்தால் மசி உள்ளே கசிந்து எழுத்து கெட்டுப்போகும். அதனால் இன்னொருவர் தகட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். சரக்கு ஏற்றும் நாட்களில் அம்மாவுக்கு அந்தத் தகடு பிடிக்கிற வேலை. பிடித்துப் பிடித்து விரல் வழியாக அவளுக்கு எழுத்து வந்துவிட்டது. மதியம் கஞ்சி குடித்த பிறகு கிட்டங்கித் தரையில் கரித்துண்டால் எழுதிப் பார்ப்பாளாம். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்களாம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தெந்த ஊருக்கு மூட்டை போயிற்றோ அந்தந்த எழுத்துதான் அவர்களுக்குத் தெரியும். இசட் அம்மாவுக்குத் தெரியாது, அந்த எழுத்துள்ள ஊருக்கு அந்தக் கிட்டங்கியிலிருந்து சரக்கு போகவில்லை.

மூடாத ஓ-வுக்கும் அதில் காரணம் இருந்தது. தகட்டில் ஓ-வை முழு வட்டமாக வெட்டினால் நடுவிலிருக்கும் தகரம் கழன்று விழுந்துவிடும். அதனால் மேலும் கீழும் கொஞ்சம் வெட்டாமல் விட்டுவிடுவார்கள். டீ, ஆர், ஏ, பீ என்று வயிறுள்ள எழுத்துக்கெல்லாம் அப்படித்தான். அம்மா பார்த்த ஓ-வெல்லாம் அந்த ஓதான். எழுத்து என்றால் இடைவெளி விட்டுத்தான் இருக்கும் என்று நினைத்து அப்படியே எழுதிப் பழகிவிட்டாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் குறிப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. "கிட்டங்கிக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம்!" என்றார். தகடுகள் நடுப் பெட்டிக்குப் போயின. பக்கத்தில் அம்மாவைக் கொண்டு ஒரு பலகையில் எழுதவைத்து வைக்கலாம் என்று அவள் சொன்னாள். என் அம்மா, அவளுடைய பெட்டியில். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, நல்ல யோசனை என்றேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தேன். அதில் என் சிலேட்டு இருந்தது. நான் முதல் வகுப்பிலிருந்து வைத்திருந்தது, ஒரு மூலை உடைந்து, மரச்சட்டம் எண்ணெய்ப் பிசுக்கேறி. சட்டத்தின் மேல்பக்கம் என் பெயரின் முதல் ஆங்கில எழுத்து, ஆர், கறுப்பு மசியில் இருந்தது. கழுவினாலும் போகாத கிட்டங்கி மசி. அதன் வயிற்றில் மேலும் கீழும் இடைவெளி. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும், அம்மாவின் கிட்டங்கியில் யாரோ தகடு வைத்து அடித்துக் கொடுத்தது அது என்று. யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டதுதான். ஆனால் இடைவெளி இருக்கிறதே, இனி யார் மறுக்க முடியும்? பள்ளிக்கூடத்துச் சிலேட்டு, அதன்மேல் கிட்டங்கி எழுத்து. ஒரே பொருளில் இரண்டும்.

ஹெட்மிஸ்ட்ரஸ் சிலேட்டைத் தூக்கிப் பிடித்து, "இதைத்தானே நான் கேட்டேன்!" என்றார். தகடுகள் சுவரோரத்துப் பெஞ்சுக்கு இறங்கின. சிலேட்டு நடுப் பெட்டிக்கு ஏறியது. சாவியை நான் புடவை முந்தானையில் முடிந்துகொண்டேன். குறிப்பு அட்டையை என் கையால் எழுதினேன்: 'கிட்டங்கித் தகட்டால் எழுத்து அச்சிடப்பட்ட மாணவியின் சிலேட்டு.' அன்றைக்கு நடந்து வீட்டுக்குப் போனபோது சாவி இடுப்பில் தட்டிக்கொண்டே வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தத் தெருவில் நடந்ததில்லை.

அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவள் தகடுகளைத் தூக்கிக்கொண்டு சிலேட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எந்தத் தகட்டால் அடித்தது என்று கண்டுபிடித்து அதையும் சேர்த்து வைக்கலாமே என்றாள். ஒவ்வொன்றாகச் சட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சரே, இது கொஞ்சம் பாருங்க. தகட்டுல எழுத்து எல்லாம் கையகலம். மூட்டை தூரத்துலேந்து தெரியணுமே. இந்தச் சட்டம் கட்டைவிரல் அகலம்தான். இதுல எந்தத் தகடு உட்காரும்?"

"சின்னத் தகடு ஏதாவது இருந்திருக்கும். தொலைஞ்சிருக்கும்."

"பின்னே இது பாருங்க, பிரஷ் இழுத்த ரோமக்கோடு. தகட்டுல குத்தினா இப்படிக் கோடு விழாது." அவள் கொஞ்சம் தயங்கினாள். "கையால எழுதினது டீச்சரே. கையால எழுதறவங்க எதுக்கு இடைவெளி விடணும்?"

புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கும் முன்பே புரிந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவள் கேட்ட பிறகுதான் புரிந்தது. தேவையே இல்லாத இடத்தில் இடைவெளி விட்டு எழுதுகிற ஆள் எங்கள் வீட்டில் ஒருத்தி இருந்தாள். நான் முதல் நாள் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் கிட்டங்கி மசியைத் தொட்டு என் பெயரின் எழுத்தை எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பள்ளிக்குப் போயிருக்கிறேன். அதை இன்றைக்கு எனக்குப் படித்துக் காட்டுவது யார்? இவள்.

"லேபிளை மாத்தணும் இல்லையா?" என்றாள்.

மாற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தகட்டால் அடித்த சிலேட்டு என்றால் அது என் கண்டுபிடிப்பு. அம்மா கையால் எழுதிய சிலேட்டு என்றால், தகடு பிடித்து எழுத்துக் கற்ற பெண்ணின் கதைக்கு அது ஒரு சாட்சி. அந்தக் கதையைக் கண்டெடுத்தவள் அவள். சிலேட்டும் பெட்டியும் சாவியும் அந்தக் கதையோடு போய்விடும்.

"விழா முடியட்டும், பார்க்கலாம்" என்றேன். அவள் ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

விழா அன்று அம்மா வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. நான் அங்கே படித்தபோதுகூட வாசலோடு நின்றுவிடுவாள். சயன்ஸ் டீச்சர்தான் அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா கொக்கியைப் பார்த்தாள், சல்லடையைத் தொட்டாள், தகடுகளிடம் நின்று ஒன்றைத் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அப்புறம் நடுப் பெட்டிக்கு வந்தாள்.

வளைந்த கண்ணாடிக்குள் சிலேட்டைப் பார்த்ததும் குனிந்துவிட்டாள். நெற்றி கண்ணாடியில் இடித்தது.

"இத இன்னுமா வச்சிருக்க?" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. பிறகு சிலேட்டுக்கு முன்னால் சாய்த்துவைத்திருந்த அட்டையைக் காட்டினாள். "இதுல என்ன எழுதிருக்கு? வாசி."

அம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் என்ன வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம். ஆனால் சயன்ஸ் டீச்சர் அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அதற்காகவா, இல்லை, அம்மாவுக்குக் கடிதம் வாசிக்கும்போது இதுவரை ஒரு சொல்லையும் மாற்றியதில்லை என்பதற்காகவா, தெரியவில்லை, எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன்.

"கிட்டங்கித் தகட்டால எழுத்து அச்சடிச்ச சிலேட்டு."

"தகடா?" என்றாள் அம்மா.

கண்ணாடிமேல் விரலை வைத்து, சட்டத்தில் இருந்த எழுத்தை அதே இடைவெளியோடு வரைந்தாள்.

"நான் எழுதினதுல நீ திருத்தாம விட்டது இது ஒண்ணுதான்" என்றாள். "இப்ப இதையும் திருத்திட்டியாட்டி?"

சுற்றிலும் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கேட்டிருக்காது. நான் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். பூட்டைத் திறந்தேன். அட்டையை வெளியே எடுத்து, அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். என்னிடம் இருந்தது சிவப்புப் பேனாதான், அதனால் சிவப்பில் எழுதினேன்: 'இந்த எழுத்தை எழுதியவர் என் அம்மா.' அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசி என்றாள். வாசித்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, அட்டையைச் சிலேட்டுக்கு முன்னால் வைக்கிற இடத்தை விரலால் காட்டினாள்.

பெட்டியைப் பூட்டினேன். இனி அந்தச் சாவி என் இடுப்பில் இருப்பது சரியில்லை என்று எனக்கும் சயன்ஸ் டீச்சருக்கும் தெரியும். அவளிடம் நீட்டினேன்.

அவள் உடனே வாங்கிக்கொண்டாள். அடுத்த பல வருஷம், எண்பதுகள் முழுக்க, அந்த அறை அவள் பொறுப்பில்தான் இருந்தது, நன்றாகவும் வைத்திருந்தாள். அம்மாவும் மோளேயைப் பார்க்க அடிக்கடி போய்வந்தாள். அதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சாவியை நீட்டியபோது, ஒரு பேச்சுக்காவது, வேண்டாம் டீச்சரே, நீங்களே வச்சிக்கோங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.